கார்டு மேல் பழி போடும் முன்

போன சித்திரையில் ஒரு ராத்திரி, ரெண்டு தெரு தள்ளி இருக்கும் மருமகனிடமிருந்து போன்.

"மாமா, விளையாடிக்கிட்டு இருக்கும்போதே திரை கட்டம் கட்டமா உடையுது. சில நேரம் ஒரேயடியாக் கறுத்துப் போவுது. ஃபேன் மட்டும் பேய் மாதிரி இரையுது. கிராபிக்ஸ் கார்டு போச்சுன்னு கடைக்காரரு சொல்லுதாரு."

"எத வச்சுச் சொல்லுதாரு? கழட்டிப் பாத்தாரா?"

"இல்ல, போன்லதான் கேட்டேன்."

"எந்நேரம் வருது?"

"கறுத்துப் போறது சாயங்காலம் ஏழு மணிக்கு மேலதான். பகல்ல ரெண்டு மணி நேரம் ஆடினாலும் வராது. கட்டம் எப்பவாவது பகல்லயும் வரும்."

"அப்போ கார்டைக் கழட்டாத. நாளைக்கு வாறேன்."

கெட்டுப்போன கார்டுக்கு மணி பார்க்கத் தெரியாது. ஏழு மணிக்கு மேல் மட்டும் வருகிற கோளாறு என்றால், அந்த நேரத்தில் வீட்டிலோ தெருவிலோ என்ன மாறுகிறது என்றுதான் முதலில் தேட வேண்டும். இந்த அத்தியாயம் பெரும்பாலும் அந்த ஒரு வீட்டைச் சுற்றியே போகும். அங்கே நான் சரியாகப் பிடித்ததும் உண்டு, காதில் விழுந்தும் கோட்டை விட்டதும் உண்டு.

சிவகிரியில் அசெம்பிள் செய்த சிஸ்டம் வைத்திருப்பவருக்கு ஒரு பக்கம் ராஜபாளையம். இன்னொரு பக்கம் வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் எல்லாம் தாண்டித் தென்காசி. சிப் லெவல் வேலை என்றால் மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ போகிற மாதிரி ஆகிவிடும். கார்டைத் துண்டில் சுற்றிப் பையில் போட்டு பஸ் ஏறிப் போனால், அங்கே மாட்டிப் பார்த்துவிட்டு "இங்க நல்லாத்தான ஓடுது" என்று திருப்பிக் கொடுப்பார்கள். அவர்கள் சொல்வது பொய் இல்லை. கடையில் வேறு எஸ்.எம்.பி.எஸ். (கணினிக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டி), வேறு கேபிள், வேறு கரண்ட், வேறு வெக்கை. உங்கள் வீட்டுக் கோளாறு உங்கள் வீட்டில்தான் வரும். அதனால் பாதி வைத்தியத்தை வீட்டிலேயே பார்த்துவிட வேண்டும்.

எனக்குத் தெரிந்த வரிசை ஒன்றுதான்: சுவரில் இருக்கும் பிளக்கிலிருந்தும் முன்னால் இருக்கும் மானிட்டரிலிருந்தும் தொடங்கி உள்ளே வருவது. கார்டு கடைசி. அதிலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். கேபிளையும் மாற்றி, டிரைவரையும் மாற்றி, தூசியும் தட்டி எல்லாவற்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் செய்து சரியாகிவிட்டால், எதனால் சரியானது என்று தெரியவே தெரியாது. அடுத்த மாதம் திரும்பி வரும்போது மூன்றையும் மறுபடி செய்துகொண்டிருப்பீர்கள்.

நோட்டு

பழைய பள்ளிக்கூட நோட்டு ஒன்று போதும். தேதி, மணி, என்ன விளையாட்டு, எத்தனையாவது நிமிடம், திரை என்ன செய்தது, சத்தம் என்ன ஆனது. இந்தக் கடைசி விஷயத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. படம் போன பிறகும் துப்பாக்கிச் சத்தம் ஓடிக்கொண்டே இருந்தால் கணினி உயிரோடு இருக்கிறது, படம் வரும் வழியில்தான் சிக்கல். சத்தமும் ஒரே இழுவையாக இழுத்து நின்றுவிட்டால் சந்தேகப்பட வேண்டிய வட்டம் பெரிது. ராமும் அதில் சேரும். எல்லாமே சட்டென்று அணைந்து தானாகவே மறுபடி ஸ்டார்ட் ஆனால், முதல் சந்தேகம் எஸ்.எம்.பி.எஸ். மேல்.

படம் எங்கே உடைகிறது

திரை உடைந்து தெரியும்போதே ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். கூடவே செல்போனிலும் ஒரு போட்டோ எடுங்கள். பிறகு ஸ்க்ரீன்ஷாட்டை இன்னொரு போனுக்கு அனுப்பிப் பாருங்கள். அதில் கட்டமோ கோடோ இல்லை, செல்போன் போட்டோவில் மட்டும் இருக்கிறது என்றால், படம் கார்டின் நினைவகத்தில் ஒழுங்காகத்தான் தயாராகியிருக்கிறது. வெளியே வரும் பாதையில் கெட்டிருக்கிறது. கேபிள், கார்டின் போர்ட், மானிட்டர், இந்த மூன்றில் ஒன்று. ஸ்க்ரீன்ஷாட்டிலும் இருக்கிறது என்றால் தயாராகும் இடத்திலேயே கெட்டது: விளையாட்டு, டிரைவர், அல்லது கார்டு.

மானிட்டரைச் சோதிக்க இன்னும் எளிய வழி, அதன் அடியில் இருக்கும் பட்டனை அழுத்தி அதன் சொந்த மெனுவைக் கொண்டுவருவது. வெளிச்சம் கூட்டுவது, குறைப்பது என்று வருமே, அதுதான். அந்த மெனு கார்டிலிருந்து வருவதில்லை, மானிட்டரே வரைவது. கோடு அந்த மெனுவையும் வெட்டிக்கொண்டு போனால் கார்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கேபிள் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். வெள்ளைப் பொட்டுகள் மின்னுவது, ஒரு நொடி கறுத்துத் திரும்புவது இரண்டும் பெரும்பாலும் கேபிள் வேலை. 144 ஹெர்ட்ஸில் ஓடும் மானிட்டரை 60க்கு இறக்கிப் பாருங்கள். தொந்தரவு போய்விட்டால் கேபிளால் அவ்வளவு வேகம் தாங்க முடியவில்லை என்று அர்த்தம். கிணற்று மோட்டார் சுவிட்சைப் போடும்போதோ, ட்யூப் லைட் எரியும்போதோ திரை ஒரு கணம் கறுத்தால், அங்கே தெறிக்கும் பொறியின் இரைச்சல் மட்டமான கேபிளுக்குள் ஏறுகிறது. கெட்டியான, குட்டையான கேபிள் வாங்குங்கள்.

அடுத்தது பயாஸ் திரை. விண்டோஸ் வருவதற்கு முன்பே, கம்பெனிச் சின்னம் காட்டும்போதே, திரையில் பட்டை பட்டையாகக் கோடுகள் இருந்தால் டிரைவரைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். டிரைவர் இன்னும் எழுந்திருக்கவே இல்லை. கேபிளும் மானிட்டரும் நல்லவை என்று தெரிந்தால் கார்டுதான்.

கார்டைக் கழற்றிவிட்டு மதர்போர்டின் சொந்த டிஸ்ப்ளேயில் ஓட்டிப் பார்க்கலாமா என்றால், பிராசஸரைப் பொறுத்தது. இன்டெல் ஐ5 12400எஃப் மாதிரிப் பெயர் 'எஃப்' என்று முடிந்தால் அதற்குள் கிராபிக்ஸ் கிடையாது. ஏஎம்டி ரைசன் 5 5600லும் கிடையாது. 5600ஜி என்றால் உண்டு. இது தெரியாமல் கார்டைக் கழற்றிவிட்டு, டிஸ்ப்ளே வரவில்லை, மதர்போர்டும் போச்சு என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தவரைப் பார்த்திருக்கிறேன்.

மருமகன் அனுப்பிய ஸ்க்ரீன்ஷாட்டில் கட்டங்கள் இருந்தன. தக்காளிச் சிவப்பிலும் பச்சையிலும், கோலப்புள்ளி மாதிரி வரிசை தப்பாமல். அதைப் பார்த்துக்கொண்டேதான் அவன் வீட்டுக்குப் போனேன்.

சுவரிலிருந்து வருவது

அவர்கள் வீட்டு ஏ.சி.க்குப் போட்டிருக்கும் ஸ்டெபிலைசரில் உள்ளே வரும் வோல்ட்டும் வெளியே போகும் வோல்ட்டும் மாறி மாறிக் காட்டும். மல்டிமீட்டர் பிடித்துப் பழக்கம் இல்லாதவர்கள் சுவர் பிளக்கில் கம்பியை விட வேண்டாம். வீட்டில் இப்படி ஒரு ஸ்டெபிலைசர் இருந்தால் அதன் முகத்தைப் பார்த்தாலே போதும். மதியம் 226 காட்டியது. ராத்திரி ஏழரைக்கு, தெரு முழுக்க ஏ.சி.யும் மோட்டாரும் ஓடும் நேரத்தில், 174.

பிறகு கேபினட்டின் பின்பக்கம் டார்ச் அடித்து எஸ்.எம்.பி.எஸ். ஸ்டிக்கரைப் படித்தோம். கேபினட்டோடு இலவசமாக வந்த எஸ்.எம்.பி.எஸ். மேலே பெரிய எழுத்தில் 450 வாட். கீழே பொடி எழுத்தில் உள்ளே வர வேண்டிய மின்சாரம் 200 முதல் 240 வோல்ட். அதற்கும் கீழே, 12 வோல்ட் வரிசையில், 16 ஆம்ப்.

இந்தப் பொடி எழுத்தைப் படிக்கப் பழகுங்கள். கிராபிக்ஸ் கார்டு குடிப்பது 12 வோல்ட் வரிசையிலிருந்துதான். 12ஐ 16ஆல் பெருக்கினால் 192 வாட். மருமகனின் கார்டு ஆர்எக்ஸ் 580. அது ஒன்றுக்கே ஏஎம்டி சொல்லும் கணக்கு 185 வாட். மிச்சம் 7 வாட்டில் பிராசஸரும் ஃபேன்களும் குடும்பம் நடத்த வேண்டும். பகலில் எப்படியோ மூச்சுப் பிடித்து ஓடியிருக்கிறது. 174 வோல்ட்டில் அதன் கால் தடுக்கியது. நல்ல எஸ்.எம்.பி.எஸ். என்றால் ஸ்டிக்கரில் 100 முதல் 240 என்று போட்டிருக்கும். அதற்கு 174 ஒரு பொருட்டே இல்லை. ஸ்டெபிலைசர் வாங்கலாமா என்று மருமகன் கேட்டான். அந்தப் பணத்தை எஸ்.எம்.பி.எஸ். மேல் போடு என்றேன். ஸ்டெபிலைசரின் ரிலே டக்கென்று மாறும் அந்தக் கணமே மட்டமான எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு ஒரு இடி.

கணக்குத் தெரிந்துகொள்வது நல்லது. மதர்போர்டு ஸ்லாட் வழியாகக் கார்டு எடுத்துக்கொள்ளக்கூடியது 75 வாட் வரை. 6 பின் பிளக் இன்னொரு 75. 8 பின் பிளக் 150. 75 வாட்டுக்குள் அடங்கும் ஜிடிஎக்ஸ் 1650 கார்டுகள் பலவற்றில் தனிப் பிளக்கே இல்லாததற்கு இதுதான் காரணம். இரண்டு 8 பின் கேட்கும் கார்டுக்கு எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து இரண்டு தனித்தனி வயர் கொண்டுபோங்கள். ஒரே வயரின் நுனியில் ஒட்டியிருக்கும் இரண்டு பிளக்கையும் செருகி வேலையை முடிப்பது சின்னக் கார்டுக்கு ஓடும், பெரிய கார்டுக்கு வயர் சூடாகும்.

பிளக்கைக் 'க்ளிக்' கேட்கும்வரை தள்ளுவது கார்டு எதுவானாலும் பொருந்தும். 2022 அக்டோபரில் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4090 வந்தபோது அதன் புது 16 பின் பிளக் சிலருக்கு உருகிப்போனது. முழுக்கச் செருகாததுதான் முக்கியக் காரணம் என்று கம்பெனி சொன்னது. பிறகு 2023இல் அந்தப் பிளக்கின் அமைப்பையே திருத்தினார்கள். 450 வாட் குடிக்கும் அந்தக் கார்டை நம் தெருவில் நான் இன்னும் பார்க்கவில்லை. பாதி செருகிய 8 பின்னை நிறையவே பார்த்திருக்கிறேன்.

யு.பி.எஸ். வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 600 விஏ என்று விற்பது பெரும்பாலும் 360 வாட் அளவுக்குத்தான் தாங்கும். பிரவுசிங்கில் மூச்சு விடாது, விளையாட்டு லோட் ஆகும்போது கீச்சென்று கத்தி அணையும். அதைக் கார்டு கோளாறு என்று எண்ணிவிடுகிறார்கள். ஒரு நாள் யு.பி.எஸ்.ஸைத் தாண்டி நேரே சுவரில் செருகிப் பாருங்கள்.

கேபினட்டைத் தொட்டால் விரலில் சுருக்கென்று ஏறுகிறதா? எர்த் இல்லை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மூன்றாவது பின் ஓட்டை இருக்கும், அதற்குப் பின்னால் வயர் இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டு எர்த் குழி கோடையில் காய்ந்து கிடந்தால் அதற்குத் தண்ணீர் ஊற்றுவதும் வேலைதான். எர்த் சரியாகும்வரை கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது ஹெச்.டி.எம்.ஐ. வயரைச் செருகவோ பிடுங்கவோ வேண்டாம். போர்ட் போகும், சில நேரம் கார்டும் சேர்ந்து போகும்.

எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் திறக்காதீர்கள். 230 வோல்ட் உள்ளே போய் 325 வோல்ட் டி.சி.யாகக் கெபாசிட்டரில் உட்கார்ந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கின பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயேதான் இருக்கும்.

என் கணினியின் எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கழற்றி மூன்று நாள் மருமகன் வீட்டில் போட்டு வைத்தோம். மூன்று ராத்திரியும் திரை கறுக்கவில்லை. நாலாம் நாள் அவன் 550 வாட்டில் புதிதாக ஒன்று வாங்கினான். நானும் ஜெயித்த தோரணையில் காபி குடித்துவிட்டு வந்தேன்.

ஐந்தாம் நாள் போன். "மாமா, கறுக்கல. ஆனா கட்டம் வருது."

வெக்கை, புழுதி, பல்லி

அவன் அறை மாடியில், மேலே சிமெண்ட் ஷீட். பங்குனி சித்திரையில் மதியம் உள்ளே நின்றாலே மண்டை காயும். கார்டு விமர்சனங்களில் 70 டிகிரி என்று போடுவார்கள். அது 22, 25 டிகிரியில் குளிர்ந்த அறையில் எடுத்தது. அறை 38 என்றால் அந்தப் பதின்மூன்று, பதினாறு டிகிரியும் கார்டின் மேல் அப்படியே ஏறும். ஹெச்.டபிள்யூ.இன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டு அரை மணி விளையாடி, கோர் சூட்டையும் ஹாட்ஸ்பாட் சூட்டையும் சேர்த்துப் பாருங்கள். கோர் 80ஐ ஒட்டி இருந்தால் நம் ஊருக்கு அது சாதாரணம். என்விடியா ஆர்டிஎக்ஸ் 3060க்குச் சொல்லும் உச்சம் 93. ஹாட்ஸ்பாட் 100ஐத் தாண்டினாலோ, கோருக்கும் அதற்கும் 20, 25 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ, உள்ளே பேஸ்ட் காய்ந்திருக்கிறது.

விளையாட்டின் மெனு திரையில் சும்மா நிற்கும்போதே கார்டு கொதிக்கலாம். வரைவதற்கு அதிகம் இல்லை என்பதால் நொடிக்கு ஆயிரக்கணக்கில் வரைந்து தள்ளும். 2021 ஜூலையில் அமேசானின் 'நியூ வேர்ல்ட்' சோதனை ஓட்டத்தில் ஆர்டிஎக்ஸ் 3090 கார்டுகள் சில செத்தே போயின. அவற்றில் இவிஜிஏ கார்டுகளில் சாலிடரிங் குறை இருந்ததாக அந்தக் கம்பெனியே ஒப்புக்கொண்டு மாற்றிக் கொடுத்தது. விளையாட்டைத் தயாரித்தவர்கள் மெனுவில் வேக வரம்பு வைத்தார்கள். நீங்களும் டிரைவர் செட்டிங்கில் எஃப்.பி.எஸ்.ஸுக்கு ஒரு உச்சவரம்பு வையுங்கள். 75 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு 300 எஃப்.பி.எஸ். எதற்கு?

ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று வரும்போது குற்றாலம், இலஞ்சி பக்கத்தில் சாரல் அடிக்கும். நம் ஊருக்குச் சாரலை விடக் காற்றும் புழுதியும்தான் அதிகம். ஜன்னலோரம் கேபினட் வைத்திருந்தால் இரண்டே மாதத்தில் கார்டின் ஹீட்சிங்க்கில் கம்பளி நெய்துவிடும். சாரல் பக்கத்துக்காரர்களுக்கு வேறு தொல்லை: தூசியோடு ஈரமும் சேர்ந்து களிம்பாகும். சீசனில் ஊருக்குப் போய் வாரக்கணக்கில் கணினியை அணைத்து வைத்திருந்தால், வந்ததும் மின்விசிறியைப் போட்டு அறையைக் காயவிட்டு, பிறகு ஆன் செய்யுங்கள்.

சுத்தம் செய்யப் பெயிண்ட் பிரஷும் கையடக்க ப்ளோயரும் போதும். கார்டின் ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். சும்மா விட்டால் தறிகெட்டுச் சுற்றி பேரிங் போகும். பஞ்சர் கடைக்கு எடுத்துப்போய்க் காற்று அடிப்பது நம் பக்கத்துப் பழக்கம். தயவுசெய்து வேண்டாம். அந்த கம்ப்ரெஸர் டேங்க்கின் அடியில் தண்ணீரும் எண்ணெயும் நிற்கும். காற்றோடு அதுவும் சேர்ந்து கார்டின் மேல் பீய்ச்சும்.

கேபினட்டின் பின்பக்கம் ஸ்லாட் மூடி இல்லாத இடத்தில் கொசுவலைத் துண்டு ஒட்டிவிடுங்கள். கதகதப்பு தேடிப் பல்லி உள்ளே போகும். ஒரு தடவை காய்ந்த பல்லியைக் கார்டின் முதுகில் பார்த்தேன். அன்றைக்கு அந்தக் கார்டு பிழைத்தது, பல்லி பிழைக்கவில்லை.

கனமான கார்டு நாளாக ஆகத் தொங்கும். ஸ்லாட்டில் தொடர்பு தளரும். மேஜையைத் தட்டினால் படம் உடைகிறது என்றால் இதைப் பாருங்கள். முட்டுக் கொடுக்க விலை கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். ராஜபாளையம் மில்லில் வேலை பார்க்கும் யாரிடமாவது காலியான நூல் கோன் ஒன்று கேட்டு வாங்கி, தேவையான உயரத்துக்கு அறுத்து அடியில் நிறுத்தினால் அம்சமாக நிற்கும்.

மருமகனின் கார்டு 78 டிகிரி. புழுதி தட்டின பிறகு 73. கட்டம் போகவில்லை.

டிரைவர்

விண்டோஸ் கார்டுக்கு ஒரு வேலை கொடுத்தால் 2 நொடி காத்திருக்கும். அதற்குள் பதில் வராவிட்டால் டிரைவரைத் தட்டி எழுப்பும். விஸ்டா காலத்திலிருந்து இந்த ஏற்பாடு உண்டு. திரை ஒரு கணம் கறுத்து மீள்வது பல நேரம் இதுதான். ஈவன்ட் வியூவரில் 4101 என்ற எண்ணில் பதிவு இருக்கும். அடுத்தடுத்து எழுப்பியும் எழாவிட்டால் நீலத் திரை. அதில் 116 என்ற எண் வரும். 'கெர்னல் பவர் 41' என்று மட்டும் இருந்தால் டிரைவரை விட்டுவிட்டு எஸ்.எம்.பி.எஸ். பக்கம் திரும்புங்கள். திரை உறைந்துபோனால் பவர் பட்டனில் கை வைக்கும் முன் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் அழுத்திக்கொண்டு 'பி'யைத் தட்டிப் பாருங்கள். டிரைவர் மட்டும் மறுபடி எழும்.

ஒரே ஒரு விளையாட்டில் மட்டும் வருகிறதா? அந்த விளையாட்டின் ஃபைல்களைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். ஸ்டீமில் அதற்கு வழி இருக்கிறது. எல்லா விளையாட்டிலும் என்றால், முதலில் ஓவர்கிளாக் எதையும் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். ராமின் எக்ஸ்.எம்.பி.யையும் ஒரு நாள் அணைத்துப் பாருங்கள். ராம் தடுமாறினாலும் கார்டு தடுமாறுவது போலவே தெரியும். அப்புறம்தான் டிரைவர். நெட்டைத் துண்டித்துவிட்டு, சேஃப் மோடில் டி.டி.யு. என்ற மென்பொருளைப் போட்டுப் பழைய டிரைவரைத் துடைத்து, முன்கூட்டியே இறக்கி வைத்திருக்கும் டிரைவரைப் போடுங்கள். நெட்டைத் துண்டிக்காவிட்டால் நீங்கள் அசந்த நேரத்தில் விண்டோஸ் தானாக ஒன்றைப் போட்டுவிடும். புதியதுதான் நல்லது என்றும் இல்லை. 2010 மார்ச்சில் என்விடியா தன் 196.75 டிரைவரையே திரும்பப் பெற்றது. அது சில கார்டுகளின் ஃபேனைச் சரியாகச் சுற்ற விடவில்லை.

மருமகன் வீட்டிலும் துடைத்தோம், போட்டோம். மறுபடி ஸ்டார்ட் செய்தால் டிவைஸ் மேனேஜரில் கார்டின் மேல் மஞ்சள் முக்கோணம். எண் 43. டிரைவர் ஏற மறுக்கிறது.

"அது ஒண்ணுமில்ல மாமா," என்றான் அவன், கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல். "கார்டு வித்த அண்ணன் வாட்ஸ்அப்ல ஒரு ஃபைல் அனுப்பிருக்காரு. டிரைவர் போடுறப்பல்லாம் அத ஒருக்கா ஓட்டணும்னு சொன்னாரு. ஓட்டினா சரியாயிரும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கார்டேதான் என்றால்

எதீரியம் என்ற டிஜிட்டல் நாணயத்தைக் கார்டு வைத்துத் தோண்டுவது 2022 செப்டம்பர் 15ஆம் தேதியோடு முடிந்தது. தோண்டிய கார்டுகள் உலகம் முழுக்கப் பழைய சந்தைக்கு வந்து கொட்டின. நம் ஊர்ப் பையன்களின் கைக்கும் வந்தன. தோண்டிய கார்டு என்றாலே ஆகாது என்று நான் சொல்ல மாட்டேன். அவற்றை ஒரே சூட்டில், வோல்ட் குறைத்து ஓட்டியிருப்பார்கள். ஃபேனும் தெர்மல் பேடும் தேய்ந்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் ஆர்எக்ஸ் 470, 580 வகைகளில் இன்னொரு வேலையும் செய்வார்கள். கார்டின் சொந்த பயாஸைத் திருத்தி, நினைவகம் மூச்சு விடும் இடைவெளிகளைச் சுருக்கி, இன்னும் வேகமாகத் தோண்ட வைப்பார்கள். தோண்டும்போது அங்கங்கே ஒரு பிழை வந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. விளையாட்டில் அதே பிழை ஒரு கட்டமாகத் தெரியும். திருத்திய பயாஸைக் கண்டால் ஏஎம்டி டிரைவர் ஏறாது. அதை ஏமாற்றத்தான் அந்த வாட்ஸ்அப் ஃபைல்.

"கட்டம் எப்பவாவது பகல்லயும் வரும்" என்று முதல் நாளே சொன்னான். பாதிப் பதிலைப் பிடித்துக்கொண்டு நான் மீதியை விட்டுவிட்டேன். கோளாறு ஒன்றல்ல, இரண்டு. கறுப்புக்குக் காரணம் எஸ்.எம்.பி.எஸ்., கட்டத்துக்குக் காரணம் கார்டு. போனிலேயே தீர்ப்புச் சொன்ன கடைக்காரரும் பாதி சரி.

பழைய கார்டு வாங்குவோர் ஜி.பி.யு.இசட் போட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். பழைய சிப்பைப் புதுப் பெயரில் விற்கும் போலிக் கார்டைப் பெரும்பாலும் அது காட்டிக்கொடுக்கும். ஆர்எக்ஸ் 580 என்ற பெயரிலேயே இரண்டு உண்டு: அசலில் 2304 ஷேடர், சீனச் சந்தைக்கு 2018இல் வந்த '2048எஸ்பி'யில் 2048தான், அது நடைமுறையில் ஆர்எக்ஸ் 570. ஓ.சி.சி.டி.யில் நினைவகச் சோதனை இருக்கிறது. அரை மணி ஓட்டி ஒரு பிழை வந்தாலும் விலையைக் குறைத்துப் பேசுங்கள், அல்லது எழுந்து வந்துவிடுங்கள்.

நினைவகச் சிப் நிஜமாகவே சாகத் தொடங்கியிருந்தால், ஆஃப்டர்பர்னரில் அதன் வேகத்தை 100, 200 மெகாஹெர்ட்ஸ் இறக்கிக் கொஞ்ச நாள் தள்ளலாம். சிப் மாற்றுவது ஹாட் ஏர், பிஜிஏ மெஷின் வைத்திருப்பவர் வேலை. கார்டை ஓவனில் வைத்து எடுக்கும் வைத்தியத்தை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 2008இல் என்விடியாவின் லேப்டாப் சிப்கள் கூட்டமாகச் செத்தபோது பரவிய வித்தை அது. அந்தக் கோளாறுக்காகவே கம்பெனி 15 முதல் 20 கோடி டாலர் ஒதுக்க வேண்டியிருந்தது. சிப்புக்குள் விட்டுப்போன சாலிடர் முத்து சூட்டில் தற்காலிகமாக ஒட்டும், சில வாரத்தில் மறுபடி விடும். கெபாசிட்டர் பொங்குவதும், அந்த ஓவனில் அடுத்த நாள் கேக் வைப்பதும் தனிக் கதை.

மருமகனின் கார்டைக் கழற்றித் திருப்பினேன். மேல் விளிம்பில், பவர் பிளக்குக்குப் பக்கத்தில், அரிசி அளவில் ஒரு சுவிட்ச். சில கம்பெனிகளின் ஆர்எக்ஸ் 580இல் இரண்டு பயாஸ் இருக்கும்; தோண்டுகிறவர்கள் சில நேரம் ஒன்றை மட்டும் திருத்திவிட்டு மற்றதைத் தொடாமல் விட்டிருப்பார்கள். பிளக்கைப் பிடுங்கியிருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்துவிட்டு, நகத்தால் அந்தப் பக்கம் தள்ளினேன். மாட்டி ஆன் செய்தோம். மஞ்சள் முக்கோணம் இல்லை. வாட்ஸ்அப் ஃபைல் தேவைப்படவில்லை.

ஒரு வாரம் கழித்து அவன் நோட்டைப் பார்த்தேன். ஏழு நாளுக்கு ஏழு வரி. ஆறு வரியில் 'இல்ல'. ஏழாவதில், 'மோட்டார் போட்டப்ப ஒரு செகண்ட் கறுத்துச்சு, கேபிள் மாத்தணும்.'